மாஜரின் டின்னில் சேர்ந்த தண்ணீர்

காலை ஒன்பதரை மணிக்குக் குழாயில் காற்றுத்தான் வந்தது. நஸீர் திருகை முழுவதுமாகத் திறந்து வைத்துக் காத்திருந்தார். ஒரு கைப்பிடித் தண்ணீர் விழுந்தது. பிறகு அதுவும் நின்றது. மேசைமேல் இரண்டாம் முறை, பன்னுக்குப் பிசைவதற்கான மா கொட்டியபடி கிடந்தது.

"இண்டைக்கும் போச்சா?" என்று ரொட்டி சுடும் போறணை அடுப்புப் பக்கமிருந்து அவர் மனைவி ரம்லா கேட்டாள்.

"போச்சு."

"அப்ப பணிஸ் இல்ல. பாணோட சரி."

இலங்கையின் மலைநாட்டில், கொட்டகலைக்கு வெளியே, பெருந்தெருவோரத்தில் அவர்களுடைய பேக்கரி இருந்தது. பின்னால் தேயிலை மலை. அதன் உச்சியில், தேயிலை முடிந்து காடு தொடங்கும் இடத்தில், ஓர் ஊற்று. ஊற்றுத் தண்ணீர் கீழே ஓடிவந்து, மலையடிவாரத்தில் ஒரு தொட்டியில் விழும். தொட்டியிலிருந்து ஒரு குழாய் பேக்கரிக்கும் இன்னொரு குழாய் தேயிலைத் தொழிலாளர்கள் குடியிருக்கும் முப்பத்திரண்டு வீட்டு லயத்தின் பொதுக்குழாயான பீலிக்கும் வரும். தொட்டியையும் குழாயையும் அமைத்தது நஸீரின் வாப்பா. அதனால் தொட்டியின் வால்வுகள் அவர் பொறுப்பில் இருந்தன.

பெப்ரவரி மாதம் காய்வது புதிதில்லை. ஆனால் எந்தப் பெப்ரவரியிலும் தொட்டி காலையிலேயே வற்றியதில்லை. நஸீர் எதையும் அளந்து பார்க்கும் மனிதர். குழாயின் பொருத்துகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். தொட்டியில் வெடிப்பு இல்லை. தேயிலைத் தொழிற்சாலைச் சுவர்ப் பலகையில் அன்றாட மழையளவைச் சோக்கட்டியால் எழுதுவார்கள். அங்கே போய்ப் பழைய பதிவுகளையும் கேட்டுப் பார்த்தார். போன வருடம் பெய்த அளவேதான் இந்த வருடமும் பெய்திருந்தது.

மழை குறையவில்லை, தண்ணீர் குறைந்திருக்கிறது. அப்படியானால் நடுவில் யாரோ எடுக்கிறார்கள் என்று அவர் கணக்குப் போட்டார். யார் என்பதிலும் அவருக்குச் சந்தேகம் இல்லை. லயத்துக் குழாயின் வால்வுக்கு ஒரு பெரிய பித்தளைப் பூட்டைப் போட்டார். காலையில் ஒரு மணி நேரம் திறப்பார். பிறகு பூட்டிவிடுவார்.

பூட்டி மூன்று நாளாகிவிட்டது. இன்றும் ஒன்பதரைக்குத் தொட்டி வற்றிவிட்டது. இதுதான் அவருக்கு விளங்கவில்லை.

பத்து மணிக்கு ஜீவராணி வந்தாள். கொழுந்து பறிப்பவள், லயத்துத் தண்ணீர்ச் சங்கத்தின் தலைவி. கையில் வெறும் பிளாஸ்டிக் கேன். அதைக் கண்ணாடிப் பெட்டிமேல் டம்மென்று வைத்தாள்.

"நஸீர் நானா, பூட்டுப் போட்டு மூணு நாளாச்சு. ஒங்க குழாயில தண்ணி கூடிருச்சா?"

நஸீர் மாவைப் பார்த்தபடியே, "கூடல்ல. நீங்க வேற எங்கயாலும் டியூப் மாட்டி ஈப்பீங்க" என்றார்.

"ஆமா, லயத்துல எல்லாரும் நீச்சல் கொளம் கட்டி வச்சிருக்கோம். ஒருநாள் துண்ட எடுத்துக்கிட்டு வாங்க, குளிச்சிட்டுப் போகலாம்."

உள்ளே ரம்லா சிரித்துவிட்டாள். நஸீர் திரும்பி முறைத்தார்.

"பகிடி உடாத ஜீவராணி. பெக்டரி போட்டப் போய்ப் பாரு. மழை கொறயல்ல."

"போட்டப் பாத்துட்டுப் பேசுறீங்க. மலையப் பாத்தீங்களா? பிள்ளைங்க மூஞ்சி கழுவாம ஸ்கூல் போகுதுங்க. காலைப் பெரட்டுல பேர் குடுத்துட்டு மலைக்கி ஏறுறதா, ஆத்துக்குக் கேனத் தூக்கிட்டு ஓடுறதா நாங்க?" அவள் குரல் சற்றுத் தாழ்ந்தது. "உச்சியில, ஊத்துக்குப் பக்கத்துல பன்னெண்டாம் நம்பர் மலையில கொழுந்தெடுக்கப் போனா, சோத்துப் பைய நாங்க காட்டு மரத்துக்கு அடியில வைக்கிறதே இல்ல. ஏன்னு தெரியுமா?"

"பாம்பு ஈக்கும்."

"பாம்பு இல்ல நானா. மழையே இல்லாத நாள்லயும், பனிமூட்டம் வந்தா அந்த மரத்தடியில பை தொப்பலா நனைஞ்சிரும். அதுக்காகத் தேயிலைத் தூருலதான் வைப்போம். இப்ப மரத்துல பாதிய வெட்டியாச்சு. வெட்டுன எடத்துல வச்சா நனையறதே இல்ல. சோறுதான் காஞ்சு போவுது."

"மழையில்லாம மரத்தடியில மட்டும் தண்ணி கொட்டுதா? நல்ல கத."

"அளந்து பாத்தாத்தானே நம்புவீங்க? அளந்து பாருங்க!"

அது நஸீருக்குச் சரியான இடத்தில் பட்டது. பின்கட்டிலிருந்து ஒரே அளவான ஆறு மாஜரின் டின்களைக் கொண்டுவந்து வைத்தார். "மூண்டு மரத்தடியில, மூண்டு வெட்டின எடத்துல. ஞாயித்துக்கெழம வரைக்கும் மழை பெய்யாம, மரத்தடி டின்னுல ஒரு விரல் தண்ணி நிண்டா பூட்டத் தொறக்கிறன். இல்லாட்டி நீ இந்தக் கதய நிப்பாட்டோணும்."

"நாந்தான் நடுவர்" என்றாள் ரம்லா.

அன்று மாலையே நஸீர் மேலே போய் டின்களை வைத்து, காற்றில் சாயாமல் கல்லும் அண்டைகொடுத்தார். அடுத்த நான்கு நாட்களும் தொழிற்சாலைச் சுவரில் பூச்சியம்தான்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு மூவரும் மலையேறினார்கள். உச்சியில் பனிமூட்டம் நகர்ந்துகொண்டிருந்தது. வெட்டிய இடத்தில் இருந்த மூன்று டின்களின் உட்புறத்திலும் ஈரம் மட்டும் இருந்தது. துடைத்தால் விரல் நனையும், அவ்வளவுதான். பிறகு காட்டுக்குள் போனார்கள். முதல் டின்னில் ஒரு விரல் தண்ணீர். இரண்டாவதில் இரண்டு விரல். மூன்றாவது ஒரு முதிர்ந்த மரத்தின் கிளைக்கு நேர் கீழே இருந்தது. அதில் கால்வாசி நிறைந்திருந்தது.

நஸீர் தண்ணீரையும் ஜீவராணியையும் மாறிமாறிப் பார்த்தார்.

"என்ன பாக்குறீங்க? லயத்துல குடிக்கவே தண்ணி இல்ல, இங்க வந்து ஊத்துவேனாக்கும்!"

அவர் பதில் சொல்லுமுன் அவருடைய கழுத்தில் ஒரு சொட்டு விழுந்தது. அண்ணாந்து பார்த்தார். இன்னொன்று நெற்றியில் விழுந்தது. மரம் முழுவதும் சொட்டிக்கொண்டிருந்தது.

அங்கே நடப்பது இதுதான். பனிமூட்டம் என்பது மலையைத் தொட்டுக்கொண்டு போகும் மேகம். அதில் தண்ணீர் இருக்கிறது. ஆனால் அதன் துளிகள் மிகமிகச் சிறியவை. அவற்றுக்குக் கீழே விழும் அளவு பாரம் இல்லை. காற்று தள்ளுகிற பக்கம் மிதந்து போகும். வழியில் காட்டு மரம் நின்றால், அதன் இலைகளிலும், கிளைகளைச் சுற்றி வளர்ந்த பாசியிலும் அவை மோதி ஒட்டிக்கொள்ளும். ஒன்றோடொன்று சேர்ந்து பெருத்து, பாரம் கூடியதும் சொட்டும். மரம் இல்லாத வெளியில் அதே மேகம் எதிலும் மோதாமல் கடந்து போய்விடும். தொழிற்சாலையின் மழைமானி முற்றத்தில் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது. மேலிருந்து விழுவதை மட்டும் அது அளக்கும். மலையுச்சியில் பக்கவாட்டாகப் போகும் மேகத்திலிருந்து காடு பிடித்துத் தரும் தண்ணீர் அந்தக் கணக்கில் வருவதே இல்லை. நஸீர் பார்த்த எண்கள் பிழையில்லை. ஊற்றின் கணக்கில் ஒரு பங்கு அவற்றில் இல்லாமல் இருந்தது.

ஜீவராணி தன் போத்தல் தண்ணீரில் கொஞ்சத்தை வெட்டிய நிலத்தில் ஊற்றினாள். அது செம்மண்ணைக் கரைத்துக்கொண்டு சரிவில் ஓடியது. மீதியை மரத்தடியில் ஊற்றினாள். உதிர்ந்த இலைகளுக்குள் அது சத்தமில்லாமல் இறங்கி மறைந்தது.

நஸீர் குந்தி அந்த மண்ணைக் கையில் எடுத்து அழுத்தினார். "மா தண்ணி குடிக்கிற மாதிரியே குடிக்குது" என்றார்.

அப்படித்தான் அது குடிக்கிறது. உதிர்ந்த இலையும் வேரும் புழுவும் சேர்ந்து அந்த மண்ணில் எண்ணற்ற சிறு துளைகளை உண்டாக்கியிருக்கின்றன. மழையானாலும் மேகத்தின் சொட்டானாலும் உள்ளே இறங்கி, மெதுவாகக் கசிந்து, மழையில்லாத மாதங்களிலும் ஊற்றாக வெளிவரும். காடு போனால் மழைக்காலத்தில் வெள்ளமும் மண்சரிவும் வரும், வெயில் காலத்தில் குழாயில் காற்று வரும்.

இந்த மலையுச்சிக் காட்டுக்குப் பெரிய உறவினர்கள் உலகில் உண்டு. இலங்கையின் சிங்கராஜவிலும் கொங்கோவிலும் அமேசானிலும் உள்ள மழைக்காடுகளில் மரங்கள் வேரால் உறிஞ்சிய தண்ணீரை இலைகளின் வழியே ஆவியாக விடுகின்றன. அந்த ஈரம் மேகமாகி, காற்றோடு பயணம் செய்து வேறு இடங்களில் மழையாகிறது. அமேசான் காட்டின் ஈரம் ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் தள்ளியுள்ள வயல்களிலும் பெய்கிறது. அந்தக் காடுகள் காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி மரமாகவும் வேராகவும் சேர்த்து வைக்கின்றன. வெட்டி எரித்தால் அது மறுபடி காற்றுக்கே போய் உலகின் வெப்பத்தைக் கூட்டுகிறது. அங்கே காடு அழிந்தால் அந்தக் காட்டை ஒருநாளும் பார்த்திராத உழவனின் வயல் காய்கிறது. இங்கே காடு அழிந்ததில் அதுவரை அதை ஏறிப் பார்த்திராத நஸீரின் குழாய் காய்ந்தது.

திரும்பும் வழியில் ரம்லா வெட்டி விட்ட ஓர் அடிமரத்துக்கு அருகே நின்றாள். அதன் பட்டையில் தடித்த பச்சைப் பாசி படர்ந்திருந்தது. லொறிச் சக்கரத்தின் தடம் அதைச் சுற்றிக்கொண்டு போனது.

"இஞ்ச பாருங்க" என்றாள் மெதுவாக. "இந்தப் பாசிய நான் நெதமும் சொரண்டுறன்."

நஸீருக்கு உடனே புரிந்தது. ஒரு வருடமாக, லொறிக்கார விறகு வியாபாரி அழகன் கொண்டுவரும் விறகில் இதே பாசிதான் இருந்தது. பாசியோடு போட்டால் போறணை புகையும் என்று ரம்லா அதைச் சுரண்டிப் பின்புறம் குவிப்பாள். அவளுடைய அந்தூரியச் சட்டிகளுக்கெல்லாம் அதுதான் போர்வை. அழகனிடம் இருந்த பெமிட், அதாவது அனுமதிப் பத்திரம், விழுந்த யூக்கலிப்டஸ் மரங்களுக்கானது. யூக்கலிப்டஸ் பட்டையில் இப்படிப் பாசி படராது என்று நஸீருக்குத் தெரியும். தெரிந்தும் ஒருநாளும் கேட்கவில்லை. விறகு மலிவாக வந்தது, வாங்கினார்.

வீட்டுக்கு வந்ததும் பாசிக் குவியலில் கைவிட்டுப் பார்த்தார். மூன்று வாரமாக மழை இல்லை, உள்ளே ஈரம் இருந்தது. ஒரு கிலோ பாசியை மாத் தராசில் நிறுத்து, தட்டில் பரப்பிப் போறணையின் மேல் வைத்தார். மறுநாள் காய்ந்ததும் மறுபடி நிறுத்தார். இருநூறு கிராம்கூட இல்லை. மீதி எண்ணூறுக்கு மேல் தண்ணீர்.

காய்ந்த பாசியை அவர் தராசிலிருந்து எடுத்தார். அப்போதுதான் அழகனின் லொறி வாசலில் வந்து நின்றது.

"மொதலாளி, நல்ல கட்டை. எறக்கவா?"

"எறக்காத."

"ஏன், நனைஞ்சிருக்குன்னா? ரெண்டு நாள் வெயில்ல போட்டா சரியாப் போயிரும்."

"அது என்ட தண்ணி, அழகன். அதக் காயப்போட்டுத்தான் ஒரு வருஷமா பாண் சுட்டிருக்கிறன்."

அழகன் தலையைச் சொறிந்தான். "நீங்க வாங்காட்டி வேற ஆளு வாங்குவான். எனக்கென்ன?"

"வாங்க ஆள் ஈந்தாலும் லொறி மேல ஏறாது. அதுக்கு வழி பாக்குறன். றப்பர்க் கட்டை ஏத்திட்டு வா, ஒன்னிட்டயே எடுக்கிறன்."

லொறி திரும்பிப் போனது. நஸீர் சாவியோடு தொட்டிக்குப் போய், சொன்ன சொற்படி லயத்து வால்வின் பூட்டைக் கழற்றிவிட்டு, நேரே லயத்துப் பீலிக்குப் போனார். கேன்களோடு நின்ற பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். ஜீவராணி முன்னால் வந்தாள்.

"தண்ணிய நீங்க களவெடுக்கிறீங்கண்டு சொன்னன்" என்றார் நஸீர். எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னார். "களவெடுத்தது என்ட போறணை. காட்டு விறகு எங்கயால வருதுண்டு தெரிஞ்சும் வாங்கினன். மன்னிச்சிக்கோங்க."

கூட்டத்தின் பின்னாலிருந்து ஒருத்தி, "அப்ப நீச்சல் கொளத்துக்குத் தண்ணி வருமா நானா?" என்று கேட்டாள். பீலிக்கரையே சிரித்தது. நஸீரும் சிரித்தார்.

"வராது" என்றாள் ஜீவராணி. "வெட்டுன காடு நாளைக்கே மொளச்சிருமா? மிச்சம் இருக்குறதயாவது காப்பாத்தணும்."

அன்றே இருவரும் தேயிலைத் தோட்டத்தின் மேலாளரான துரையைப் பார்க்கப் போனார்கள். தொழிற்சாலைக்கும் அதே மலையின் தண்ணீர்தான் வருகிறது என்பதால் துரை நீண்ட நேரம் யோசிக்கவில்லை. காட்டுக்கு ஏறும் லொறிப் பாதையின் குறுக்கே இரும்புச் சங்கிலி போடச் சம்மதித்தார். கள்ளமாக மரம் வெட்டுவது பற்றி வனத் திணைக்களத்துக்கு எழுத்தில் புகாரும் அனுப்பினார்.

இப்போது அந்தப் பேக்கரியின் போறணை றப்பர்த் தோட்டங்களில் ஆயுள் முடிந்து வெட்டப்பட்ட மரங்களின் கட்டையில் எரிகிறது. விலை சற்றுக் கூடத்தான். காலை எட்டரை வரை தொட்டித் தண்ணீர் லயத்துக்கு, அதன் பிறகு பேக்கரிக்கு. மழைக்காலத்துக்கென்று பேக்கரிக் கூரையோரம் மழைநீர் வடியும் பீலி கட்டி, கீழே ஒரு பெரிய தண்ணீர்த் தாங்கியும் வைத்திருக்கிறார்கள். வெட்டிய இடத்தில் அந்தக் காட்டின் மரக்கன்றுகளையே லயத்துக்காரர்கள் நட்டிருக்கிறார்கள். அவை மேகத்தைப் பிடிக்கும் அளவு வளரப் பல வருடங்கள் ஆகும். அதுவரை நிற்கிற பாதிக் காடு இந்த ஊற்றை நடத்த வேண்டும்.

தொட்டி வால்வில் தொங்கிய பித்தளைப் பூட்டு இப்போது லொறிப் பாதையின் சங்கிலியில் தொங்குகிறது. சாவி ஜீவராணியிடம். சங்கிலியைப் பூட்டிய அன்று நஸீர் அதை இருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"பூட்டு போட்டது சரிதான், போட்ட எடந்தான் பிழை. தண்ணி வேணுமெண்டா குழாயப் பூட்டி வேலையில்ல. காட்ட வெட்ட வார பாதையப் பூட்டோணும்."