மொட்டைக் கார்

முரசுமோட்டையில் தண்ணீர் இறைப்பு மெசின் திருத்தப் போன ஒரு வீட்டில்தான் மெல்ரொன் அந்தக் காரைக் கண்டான். வைக்கோல் போருக்கும் மாட்டுக்கொட்டிலுக்கும் இடையில் அது நின்றது. இருக்கையில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. மடித்து விரிக்கிற துணிக் கூரையை எலி அரித்துத் தின்றுவிட்டதால் கம்பிகள் மட்டும் விலா எலும்புகள்போல வளைந்து கிடந்தன.

"இத்தாலியிலை செய்தது, தம்பி," என்றார் வீட்டுக்கார யோகநாதன். "அண்ணர் கொழும்பிலை வேலை செய்யேக்கை வாங்கினவர். அவர் லண்டனுக்குப் போனாப்பிறகு ஒருத்தரும் தொடேல்லை. கோழிக்குத்தான் உதவுது."

மெல்ரொன் மெசினைத் திருத்தி முடித்துவிட்டு மறுபடியும் காரடிக்குப் போனான். சாணிப் புழுதியைத் துடைத்தபோது உள்ளே சிவப்பு நிறம் தெரிந்தது. முன் சில்லுக்கு மேலே தகடு எழும்பி வளைந்து தாழ்ந்த விதத்தைக் கையால் தடவிப் பார்த்தான். அதைச் செய்தவன் அவசரப்படவில்லை என்று அவனுக்குத் தோன்றியது.

அவன் முல்லைத்தீவுக் கரையில் பிறந்தவன். மீன்பிடி வள்ளங்களின் மோட்டர் திருத்துவதில் கரை முழுக்க அவனுக்குப் பெயர் இருந்தது. தொண்ணூறில் சண்டை தொடங்கிக் கரையை விட்டு எழும்பியபோது, மனைவி கலிஸ்ராவோடும் பழுதான ஒரு வள்ள மோட்டரோடும் விசுவமடுவுக்கு வந்து சேர்ந்தான். வயலும் குளமும் உள்ள ஊரில் அவன் யாரென்று ஒருவருக்கும் தெரியாது. மெசின்காரன் என்று கூப்பிட்டார்கள். இறைப்பு மெசின்களைக் கழற்றிப் பூட்டி இரண்டு வருடம் போயிற்று. அவற்றில் ஒன்றைக்கூட அவன் இரண்டாம் தரம் திரும்பிப் பார்த்ததில்லை. இந்தக் காரை வாசற்படலைவரை போயும் திரும்பிப் பார்த்தான்.

"என்னட்டை ஒரு வள்ள மோட்டர் கிடக்கு," என்றான் யோகநாதனிடம். "கியர் உடைஞ்சது. மாத்துறியளோ?"

யோகநாதன் சிரித்தார். "ஓடாததுக்கு ஓடாதது. கொண்டு வாரும்."

அந்த மோட்டரைக் கலிஸ்ரா சாக்குப் போட்டு மூடி, மழை படாமல் குசினிக்குள் வைத்திருந்தாள். என்றைக்கோ ஒரு நாள் கரைக்குத் திரும்பும்போது முதலில் வேண்டியது அதுதான் என்பது அவளுடைய எண்ணம். ஞாயிற்றுக்கிழமை அவள் பூசைக்குப் போயிருந்த நேரம் மெல்ரொன் அதைத் தூக்கிக்கொண்டு போனான். பின்னேரம், பக்கத்து வளவு அப்புத்துரையின் லாண்ட்மாஸ்டர் உழவு மெசினுக்குப் பின்னால் கயிற்றில் கட்டுண்டு, காற்றில்லாத சில்லுகளில் நொண்டிக்கொண்டு அந்தக் கார் ஊருக்குள் வந்தது. சனம் வேலிகளுக்கு மேலால் பார்த்தது. "மொட்டைக் கார்" என்று யாரோ சொன்னார்கள். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

கலிஸ்ரா காரைப் பார்க்கவில்லை. குசினிக்குள் போனாள். வெறும் சாக்கோடு வெளியே வந்தாள்.

"அப்ப நாங்கள் இனித் திரும்பிப் போறேல்லை எண்டு முடிவெடுத்திட்டியள்."

"அப்பிடியில்லை, கலிஸ்ரா."

"பெற்றோல் இல்லாத ஊரிலை, கூரை இல்லாத கார்," என்றாள். அன்றைக்கு அவள் அடுப்பு மூட்டவில்லை.

ஒரு வருடத்துக்கு மேல் அந்தக் கார் மாமரத்தின் கீழ் நின்றது. பகலில் ஊராரின் மெசின்கள், மற்ற நேரமெல்லாம் இது. இறுகிப்போன இஞ்சினை எண்ணெயில் ஊறப்போட்டு மெல்ல மெல்ல இளக்கினான். கிடைக்காத சாமான்களை எல்லாம் கிடைத்த சாமான்களில் வெட்டினான். பித்தளைக் குழாய் உழவு மெசினிலிருந்து வந்தது. பிறேக்குக்கு ஒரு பழைய லொறி உதவியது. பொருளாதாரத் தடையால் பெற்றோல் கிடைப்பது அரிதென்பதால், கொஞ்சப் பெற்றோலில் தொடக்கி மண்ணெண்ணெயில் ஓட்டுவதற்குக் காபிரேற்றரை மாற்றினான். எண்ணெயை இழுத்துக் கொடுக்கிற பம்புக்குள் மேலும் கீழும் துடிக்கிற மெல்லிய சவ்வு ஒன்று இருந்தது. அது பொடிந்துபோயிருந்தபடியால் லொறிச் சில்லின் றப்பர் ரியூப் ஒன்றை அதே அளவில் வெட்டிப் போட்டான். கத்தரிக்கோலை எடுத்துக் கொடுத்தவள் கலிஸ்ராதான்.

"றப்பர் மண்ணெண்ணெய்க்கு ஊதுமெல்லோ?" என்று கேட்டாள். மோட்டர்க்காரனோடு குடித்தனம் செய்தவளுக்கு அந்தளவு தெரியும்.

"உது சும்மா இப்போதைக்கு. பிறகு நல்லது ஒண்டு தேடிப் போடுவம்."

அவளுடைய கோபம் எப்போது ஆறியது என்று அவனுக்குத் தெரியாது. ஒரு நாள் பார்த்தால் காருக்குள் இருந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். இன்னொரு நாள் அவன் பின்னால் நின்று தள்ள, அவள் ஸ்ரியறிங் வளையத்தைப் பிடித்து வளவைச் சுற்றி ஓட்டினாள், வேலியில் முட்டிச் சிரித்தாள். ஊரை விட்டு வந்ததற்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து அவன் கேட்டதில்லை.

தொண்ணூற்று மூன்று கிறிஸ்மசுக்கு முன் கார் ஓடியது. மருந்துப் போத்தலில் இருந்த பெற்றோலைக் காபிரேற்றருக்குள் துளித் துளியாக விட்டுத் தொடக்கியபோது வெள்ளைப் புகை வளவை மூடியது. சந்திவரை போய்த் திரும்பினான். மறுநாள் கோயிலடிவரை. ஆட்கள் வேலையை விட்டுவிட்டு வந்து பார்த்தார்கள். மெசின்காரன் என்ற பெயர் போய் மெல்ரொன் என்ற பெயர் ஊருக்குள் வந்தது. கடைக்காரர் அவனுக்குக் கதிரை இழுத்துப் போட்டார். அதெல்லாம் அவனுக்குப் பிடித்திருந்தது. நன்றாகவே பிடித்திருந்தது.

முன் வீட்டில் முத்துலிங்கமும் அவன் மனைவி சுப்பம்மாவும் இருந்தார்கள். மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கலவரத்துக்குத் தப்பி வந்து, வயலில் கூலிக்கு நின்று, ஒரு சிறு துண்டு நிலத்தில் கொட்டில் போட்ட சனம். சுப்பம்மாவுக்கு வாய் ஓயாது.

"தம்பி, எங்களையும் ஒரு நாளைக்கு ஏத்திக்கிட்டுப் போங்க. தோட்டத்துல தொரை பொண்டாட்டி இப்படித்தான் போவா, தலைமுடி பறக்கப் பறக்க."

"ஏறுங்கோ அக்கா, இப்பவே போவம்."

"ஐயோ, இந்தச் சேறோடவா? அறுவடை முடியட்டும்."

மாசி மாதம் அறுவடை. அன்று காலை வெயில் ஏறும் நேரத்தில் வயலில் சத்தம் கேட்டு மெல்ரொன் ஓடினான். கதிர் அறுத்துக்கொண்டிருந்த சுப்பம்மாவைப் புடையன் கடித்துவிட்டது. பாம்பை அடித்து வரம்பில் போட்டிருந்தார்கள். முத்துலிங்கம் அவளுடைய காலை மடியில் வைத்துக்கொண்டு, வேட்டிக் கிழிசலால் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தான். கணுக்காலுக்கு மேலே வீங்கத் தொடங்கியிருந்தது. அவள் அழவில்லை. வெட்கப்பட்டவள்போலச் சுற்றி நின்றவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாம்புக் கடிக்கு மருந்து கிளிநொச்சியில்தான் இருந்தது. அப்புத்துரை வயல்கரையில் இழுவைப் பெட்டியோடு நின்ற லாண்ட்மாஸ்டரைக் காட்டினார்.

"பெட்டியிலை ரெண்டு மூடை நெல் கிடக்கு. தள்ளி விழுத்திப்போட்டு ஏத்துங்கோ. இப்பவே வெளிக்கிடுவம்."

"அது போய்ச் சேர மத்தியானமாகும்," என்றான் மெல்ரொன். "காரிலை விடுங்கோ. அரை மணித்தியாலத்திலை நான் கொண்டுபோய்ச் சேர்க்கிறன்."

அவனை ஒருவரும் கேட்டிருக்கவில்லை. சொன்ன பிறகு எல்லாருடைய முகமும் அவன் பக்கம் திரும்பியது. கோயிலடிக்கு அப்பால் ஒரு நாளும் ஓடாத கார் அது. ரியூப் துண்டு அப்போதும் பம்புக்குள்தான் இருந்தது. அது அவன் நினைவுக்கு வந்தது, வரவில்லை என்று சொல்ல முடியாது. வந்தது, ஆனால் அந்த முகங்களுக்கு முன்னால் நிற்கவில்லை. ஓடி வந்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்ற கலிஸ்ராவை ஒரு தரம் பார்த்தான். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்து, பேசாமல் நின்றாள்.

சுப்பம்மாவை முன் இருக்கையில் சாய்த்தார்கள். பின்னால் இருந்த சின்ன இடத்தில் முத்துலிங்கம் குந்தி, மனைவியின் தலையை இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்துக்கொண்டான். கார் முதல் இழுவையிலேயே தொடங்கியது. குழியும் மேடுமான பரந்தன் வீதியில் மெல்ரொன் பறந்தான். காற்றில் சுப்பம்மாவின் முடி அவிழ்ந்து கணவனின் முகத்தில் அடித்தது. "தண்ணி," என்று கேட்டாள். அவளுடைய பல் முரசில் இருந்து இரத்தம் கசிந்திருந்தது.

தருமபுரம் கழிந்து, இரண்டு பக்கமும் வயல் தவிர வேறொன்றும் இல்லாத இடத்தில் இஞ்சின் இருமியது. பிறகு அடங்கியது. கார் கொஞ்சத் தூரம் தன்பாட்டில் உருண்டு நின்றது.

என்ன நடந்தது என்று மூடியைத் திறக்க முதலே அவனுக்குத் தெரியும். பம்பைக் கழற்றினான். ரியூப் துண்டு ஊதி, நடுவில் கிழிந்து, ஈரப் பப்படம்போலக் கிடந்தது. பம்பு இல்லாமல் எண்ணெயை மேலே இருந்து விடலாம் என்று மண்ணெண்ணெய்க் கானை முன் கண்ணாடிச் சட்டத்தில் கட்டி, குழாயைக் காபிரேற்றருக்கு இழுத்தான். இஞ்சின் ஆறிவிட்டிருந்தது. ஆறிய இஞ்சினைத் தொடக்கப் பெற்றோல் வேண்டும். மருந்துப் போத்தலின் மூடியை அவசரமாகத் திருகியபோது போத்தல் சரிந்தது. பாதி தரையில் ஊற்றுண்டு போனது. மிச்சத்துக்கு இஞ்சின் இரண்டு தரம் முக்கியது. அவ்வளவுதான்.

"தம்பி, என்ன தம்பி?" என்று முத்துலிங்கம் திரும்பத் திரும்பக் கேட்டான். "தம்பி, இவ பேசமாட்டேங்கிறா தம்பி."

வீதியில் ஒரு வாகனமும் இல்லை. இருவருமாகச் சேர்ந்து காரைத் தள்ளினார்கள். வெயிலுக்கு மறைக்கக் காரில் ஒரு முழத் துணிகூட இல்லை. முத்துலிங்கம் சேட்டைக் கழற்றி அவள் முகத்தில் போட்டான்.

பிறகு பின்னால் இருந்து அந்தச் சத்தம் கேட்டது. மெதுவான, சீரான டக்டக்டக். அப்புத்துரை நெல்லை அவசரமில்லாமல் வீட்டில் இறக்கி, சுப்பம்மாவுக்கு மாற்றுச் சீலையும் அவளுடைய அக்காவையும் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்துகொண்டிருந்தார். காரைக் கண்டதும் அவர் இறங்கிப் பெட்டியின் பின்பலகையைத் திறந்தார். நான்கு பேருமாகத் தூக்கிச் சுப்பம்மாவைப் பெட்டியில் கிடத்தினார்கள். லாண்ட்மாஸ்டர் அதே வேகத்தில் போயிற்று. அது கண்ணுக்கு மறைய வெகு நேரம் எடுத்தது. அவ்வளவு நேரமும் மெல்ரொன் நடு வீதியில் நின்று பார்த்தான்.

சுப்பம்மா மறுநாள் செத்துப்போனாள். கொஞ்சம் முந்திக் கொண்டுவந்திருக்கலாம் என்று டொக்டர் சொன்னதாக அப்புத்துரை வந்து சொன்னார். "டொக்டர்மார் எல்லாருக்கும் உந்தக் கதையைத்தான் சொல்லுறவை," என்றும் சேர்த்துச் சொன்னார்.

ஊரில் ஒருவர்கூட மெல்ரொனைக் குறை சொல்லவில்லை. நல்ல மனதோடு செய்தான், அவளுடைய விதி, இத்தாலிக்காரன் செய்த சாமானுக்கு இவன் என்ன செய்வான் என்றார்கள். காரியங்கள் முடிந்த பிறகு முத்துலிங்கமே வந்தான். வாசலில் குந்தியிருந்து, கலிஸ்ரா கொடுத்த தேத்தண்ணியைக் குடித்தான்.

"நீங்க சாப்பிடுறதில்லைன்னு சொன்னாங்க. அப்படி இருக்காதீங்க தம்பி. நல்லதுக்குத்தானே செஞ்சீங்க."

மெல்ரொனால் அதைத் தாங்க முடியவில்லை.

"அந்தப் பம்பு பழுதாகும் எண்டு எனக்குத் தெரியும், முத்துலிங்கண்ணை. ஏத்தேக்கையே தெரியும்."

முத்துலிங்கம் கோப்பையைக் கீழே வைத்தான். அதற்குள் இன்னும் தேத்தண்ணி இருந்தது. கொஞ்ச நேரம் அவன் மெல்ரொனுடைய முகத்தைப் பார்த்தான். அடிப்பான் என்று மெல்ரொன் நினைத்தான். அடித்திருக்கலாம். முத்துலிங்கம் எழும்பிப் படலையைத் திறந்துகொண்டு போய்விட்டான்.

"ஏன் சொன்னியள்?" என்றாள் கலிஸ்ரா. "அந்த மனிசன் உங்களை நம்பி ஆறுதலா இருந்தது. அதையும் பறிச்சுப்போட்டியள்."

அவன் முத்துலிங்கம் வைத்துவிட்டுப் போன கோப்பையை எடுத்துத் தேத்தண்ணியை வெளியே ஊற்றினான்.

"எனக்கும் தெரியும்தானே," என்றாள் அவள். "வயல்கரையிலை நானும் வாய் திறக்கேல்லை. நீங்கள் அந்தளவு ஆக்களுக்கு முன்னாலை நிமிந்து நிக்கிறதைப் பாக்க எனக்கு ஆசையா இருந்தது."

அதற்குப் பிறகு அவன் காரைக் கழற்றத் தொடங்கினான். பூட்டும்போது இருந்த கவனத்தோடுதான் கழற்றினான். சில்லுகள் மாட்டு வண்டிலுக்குப் போயின. இஞ்சினை அரிசி மில்காரன் கொண்டுபோனான். இருக்கைகளை யாரோ கேட்டார்கள், கொடுத்தான். வெற்றுக்கூடு மாமரத்தின் கீழ் கிடந்து துருவேறியது. மழைக்காலத்தில் அதற்குள் தண்ணீர் தேங்கி நுளம்பு பெருகுகிறது என்று கலிஸ்ரா அடியில் துளை போட்டாள்.

தொண்ணூற்றைந்தில் ஒரு காலை, முத்துலிங்கத்தின் வாசலில் வண்டில் நின்றது. ஜெயபுரத்தில் இருந்த தமையன் காணி பிடித்துத் தருகிறேன் என்று ஆள் அனுப்பியிருந்தானாம். சட்டிபானையும் மண்வெட்டியும் ஏற்றியாயிற்று. கடைசியாக ஒரு பழைய மரக்கட்டில். அதை ஒரு ஆளாகத் தூக்க முத்துலிங்கம் இரண்டு தரம் முயன்று பார்த்ததை மெல்ரொன் தன் வளவிலிருந்து கண்டான். வீதியைக் கடந்து போய் மற்றத் தலைப்பைப் பிடித்தான்.

முத்துலிங்கம் அவனைப் பார்த்தான். வேண்டாம் என்று சொல்லவில்லை. இருவருமாகத் தூக்கி, ஒருக்களித்து, வண்டிலுக்குள் சரித்தார்கள். மெல்ரொன் கயிற்றை இழுத்துக் கொடுக்க முத்துலிங்கம் முடிச்சுப் போட்டான். பிறகு மாட்டை ஓட்டிக்கொண்டு நடந்தான், திரும்பிப் பார்க்காமல்.

மெல்ரொன் வீட்டுக்கு வந்து கை கழுவினான்.

"கதைச்சவரோ?" என்று கலிஸ்ரா குசினிக்குள் இருந்து கேட்டாள்.

"இல்லை," என்றான்.

அவள் தட்டில் சோற்றைப் போட்டு அவன் முன்னால் வைத்தாள். அவன் சாப்பிடத் தொடங்கினான்.