கடைவாய்ப் பஞ்சு

பல் டாக்டர் சொன்னது கொஞ்சம்தான். பஞ்சை அரை மணி நேரம் அழுத்திக் கடித்திருக்க வேண்டும். ஒரு நாளைக்குத் துப்பக் கூடாது, கொப்பளிக்கக் கூடாது, ஸ்ட்ரா போட்டு உறிஞ்சக் கூடாது. குழியில் உறைந்த ரத்தம் பெயர்ந்துவிட்டால் வலி உயிரை எடுத்துவிடும். ஆறின கஞ்சி குடிக்கலாம். மறுநாள் சாயங்காலத்திலிருந்து வெதுவெதுப்பான உப்புத்தண்ணீர். பேசக் கூடாது என்று அவர் சொல்லவே இல்லை. அதைச் சேர்த்துக்கொண்டது எவாஞ்சலின்.

அவள் நர்ஸ். வாய், வயிறு விஷயத்தில் வீட்டில் அவள் பேச்சுதான் எடுபடும். மற்ற எல்லாவற்றிலும் அவள் அப்பா லூர்துசாமியின் பேச்சு. அவர் சுரங்கத்தில் பர்மனென்ட். பெண் பார்க்க வந்தவன் உட்கார்ந்து தண்ணீர் குடிப்பதற்குள், "தம்பி பர்மனென்ட்டா, கான்ட்ராக்ட்டா?" என்று கேட்டுவிடுவார். அந்தக் கேள்வியோடு இரண்டு பேர் எழுந்து போயிருக்கிறார்கள். இரண்டாவது பையன், "கான்ட்ராக்ட்தாங்க. அதனால என்னங்க?" என்று பணிவாகத்தான் கேட்டான். அதைக் கம்பெனி பஸ்ஸில் ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார் லூர்துசாமி.

இப்போது வரப்போவது லியோ. கோயில் பாடற்குழுவில் பழக்கம். அனல்மின் நிலையத்தில் கான்ட்ராக்ட் வேலை. எவாஞ்சலினுக்கு அவனைப் பிடித்திருந்தது. கான்ட்ராக்ட் என்பதை விட்டுவிட்டு, அந்த விவரத்தில் பாதியைத்தான் அப்பாவிடம் சொல்லியிருந்தாள். ஞாயிறு மத்தியானம் வருகிறார்கள் என்றதும், ஒரு வருஷமாக அப்பா தள்ளிப்போட்ட ஞானப்பல்லைச் சனிக்கிழமை சாயங்காலமே பிடுங்க வைத்தாள். பெண்ணுக்குத்தான் எவ்வளவு அக்கறை என்று அவர் நெகிழ்ந்துபோனார்.

ஞாயிறு காலையில் ரத்தம் நின்றிருந்தது. "இன்னும் கசியுதுப்பா. வாயத் தொறந்தா பெருசாயிடும்," என்று புதுப் பஞ்சைத் திணித்தாள். கொதிக்கக் கொதிக்க உப்புத்தண்ணீரோடு வந்த அம்மா மரியபுஷ்பத்தைத் திருப்பி அனுப்பினாள்.

"பாவம்டி அந்த மனுசன். பேசாம எப்பிடி இருப்பாரு?"

"நான் பாவமில்லியாம்மா?"

லியோ, அவன் அம்மா, சேத்தியாத்தோப்பிலிருந்து பெரியப்பா என்று மூன்று பேர் வந்தார்கள். லூர்துசாமி வீங்கிய கன்னத்தோடு கும்பிட்டார், எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். இவ்வளவு அடக்கமான மனிதரா என்று பெரியப்பாவுக்கு மரியாதை கூடியது. நடுவில் லூர்துசாமி லியோவைப் பார்த்து விரலை நீட்டி என்னவோ சைகை செய்ய ஆரம்பித்தார். எவாஞ்சலின் அந்தக் கையில் ஐஸ்கிரீம் கிண்ணத்தை வைத்துவிட்டுப் போனாள்.

எல்லாம் நல்லபடியாக முடியப்போகிற நேரத்தில் பெரியப்பா காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஒண்ணு கேட்டுக்கறங்க. பையன் கான்ட்ராக்ட்தான், மறைக்கல. வர்ற பொண்ணாவது நெலையா இருந்தா தேவலன்னு பாக்கறோம். பாப்பா வேல பர்மனென்ட்டா, கான்ட்ராக்ட்டா?"

எவாஞ்சலினுக்கு முகம் எரிந்தது. நைட் ஷிஃப்ட், பண்டிகை ஷிஃப்ட் எல்லாம் பார்த்து மூன்று வருஷமாகக் கான்ட்ராக்டில்தான் இருக்கிறாள். இந்த வீட்டில் அவளை யாரும் அப்படிக் கேட்டதில்லை. காலையிலிருந்து யாருடைய வாய் திறக்கக் கூடாதென்று ஜெபித்தாளோ, அவரைத்தான் இப்போது பார்த்தாள்.

லூர்துசாமி பஞ்சை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

"கான்ட்ராக்ட்தாங்க," என்றார். நாக்கு தடித்திருந்தது. ஆனாலும் குரல் வாசல்வரை கேட்டது. "அதனால என்னங்க?"

சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது போலிருக்கிறது. லியோவைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். காலையிலிருந்து சேர்த்துவைத்திருந்த கேள்விக்குப் பதில் கிடைத்தும், இனி எந்த முகத்தோடு வேண்டாமென்பது?

"அதான பெரிப்பா," என்றான் லியோ.

பெரியப்பா தாடையைத் தடவினார். "ஒண்ணுமில்லைங்க, சும்மா கேட்டு வச்சன்," என்று டம்ளரை மறுபடி எடுத்துக்கொண்டார்.

லூர்துசாமியின் வாயோரம் சிவப்பாக ஒரு கோடு இறங்கியது. இந்த முறை நிஜமாகவே கசிந்தது. எவாஞ்சலின் புதுப் பஞ்சோடு ஓடிவந்தாள். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பொய் சொன்ன வெட்கமா, அப்பாவின் மேல் வந்த பாசமா என்று பிரித்துப் பார்க்க நேரமில்லை. அவர் துப்புவதற்காக முற்றத்துப் பக்கம் எழுந்தார்.

"துப்பாதீங்கப்பா," என்று தோளைப் பிடித்து உட்கார வைத்தாள். "முழுங்கிடுங்க."

லூர்துசாமி எல்லாவற்றையும் சேர்த்து முழுங்கினார்.