பாசமான ஆள் தேவை

"பாசத்துக்குப் போய் யாராவது கூலி கேப்பாங்களா?" என்றான் சின்னவன்.

கூலி கேட்டவள் அவனுடைய தங்கை. கணவன் போனபின் பிறந்த வீட்டுக்கு வந்து, தையல் வேலையில் தன் செலவைத் தானே பார்த்துக்கொண்டிருந்தவள். அம்மா படுத்த படுக்கையானதிலிருந்து தையல் மெஷின் மூலையில் கிடக்கிறது. அதனால் போன வருமானத்தையாவது அண்ணன்கள் தரட்டும், இல்லையென்றால் முறைபோட்டு அம்மாவைப் பார்க்கட்டும் என்றாள். அவ்வளவுதான்.

பெரியவன் கட்டட ஒப்பந்தக்காரன். அம்மாவின் மருந்துச் செலவு தன்னுடையது என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லி, செலவழித்ததற்கு மேலேயே நல்ல பெயர் வாங்கிவிட்டான். சின்னவன், பணம், நேரம், உறவு மூன்றையும் சமமாக வைத்துக்கொள்வது எப்படி என்று கம்பெனிகளில் வகுப்பெடுக்கிறவன். அம்மாவின் அறை வாசலில் செருப்போடு நின்று "எப்படிம்மா இருக்க?" என்பான். பதில் வருவதற்குள் கார் கிளம்பிவிடும். இவனுக்கும் கைதட்ட ஆள் இருக்கிறது.

மறுவாரமே தங்கை, நோயாளிகளைக் கவனிக்க ஆள் அனுப்பும் நிறுவனமொன்றில் சேர்ந்து, தனியறை பார்த்துப் போய்விட்டாள். அண்ணன்மார் ஆடிப்போனார்கள். அம்மாவை நினைத்தல்ல, படுக்கை விரிப்பை இனி யார் துவைப்பது என்றுதான். சின்னவன் பேப்பரில் பார்த்த எண்ணுக்குப் போன் செய்தான். பாசமான ஆளாக வேண்டும், பணம் ஒரு பிரச்சினையே இல்லை என்றான். அது அவள் சேர்ந்த நிறுவனம்தான். முகவரியைப் பார்த்ததும் அந்த வேலையை அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள்.

காலையில் சீருடையோடு வந்து நின்றவளைப் பார்த்துப் பெரியவனுக்கு முகம் கறுத்தது.

"கூடப்பொறந்த அண்ணன்கிட்டயே சம்பளமா?"

"தங்கச்சிக்கு நீங்க தர மாட்டீங்கண்ணா. வேலைக்கு வந்தவளுக்குத் தந்துதானே ஆகணும். ஞாயித்துக்கிழமை எனக்கு லீவு. அன்னிக்கு நீங்க பாத்துக்கோங்க."

முன்பணம் கட்டியாகிவிட்டது. சின்னவன் கார் சாவியை எடுத்துக்கொண்டான்.

உள்ளே, அம்மா மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். "கம்மியா வாங்கிடாதடி" என்றாள்.

மதியம் பெரிய அண்ணி தட்டு வைத்து, சாப்பிட வரும்படி அவளைக் கூப்பிட்டாள். வேலைக்கு வருகிறவருக்கு நேரத்துக்குச் சாப்பாடு போடவேண்டும் என்பது நிறுவனத்தின் விதி. அம்மா படுத்தபின் அந்த வீட்டில் அவளை ஒருவர் சாப்பிடக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.