லாரியேறாத உருளை

விடியுமுன்பே வேலையாட்கள் கொட்டகையின் சலவை இயந்திரங்கள் எல்லாவற்றையும் லாரியில் ஏற்றிவிட்டார்கள். தோள்பட்டை கழன்றுவிடும்போல் வலித்தது. ஆண்டுக்கணக்காக அசையாதவை அசைந்ததும், அடியில் அழுகிக் கிடந்த நூல்தூசும் ஆஸ்பத்திரிப் போர்வைகளின் ரத்த வாடையும் பிளீச்சிங் நெடியும் சேர்ந்து எழுந்தன.

"புது இடத்துக்கு மாறுறோம், பதமா ஏத்துங்க. அங்க போனதும் பாக்கிச் சம்பளம் மொத்தமும் தந்திடுறேன்" என்று முதலாளி முந்தின நாள் சொல்லியிருந்தார். சொல்லும்போது அவர் கண் வேறு கலங்கியது. அதை நம்பி, சொந்த வீட்டுச் சாமானைப்போல் துடைத்துத் துடைத்து ஏற்றினார்கள்.

மிச்சமிருந்தது, ஈரத் துணியை உள்ளிழுத்துச் சூட்டில் தேய்க்கும் இஸ்திரி உருளை. அதைச் சுத்தம் செய்யும் வேலை பெரியவளுக்கு வந்தது. அக்காளும் தங்கையுமாக வேலைக்குச் சேர்ந்ததால் இங்கே இவள் பெரியவள், தங்கை சின்னவள். போன மாதம் சின்னவளின் வலது கையை இழுத்துக்கொண்டது இந்த உருளைதான். தடுப்புக் கம்பி உடைந்ததை எத்தனை முறை சொன்னாலும் "அடுத்த வாரம் பாக்கலாம்" என்றவர் முதலாளி. சீக்கிரம் ஆபரேஷன் செய்யாவிட்டால் விரல்கள் மடங்கவே மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். செலவு தன் பொறுப்பு என்று ஆஸ்பத்திரி வாசலில் முதலாளி சத்தியம் செய்திருந்தார்.

உருளையின் ஓரத்தில் கருகிய தோல் இன்னும் ஒட்டியிருந்தது. தங்கையின் தோல்.  பெரியவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சுரண்டினாள்.

முதலாளியின் மைத்துனர் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து குனிந்து பார்த்தார்.

"நல்லாச் சுரண்டும்மா. கறை இருந்தா வாங்குறவன் விலையைக் குறைச்சிடுவான்."

அவள் கை நின்றது. "வாங்குறவனா? புது இடத்துக்குப் போகுதுன்னாங்களே?"

மைத்துனர் நாக்கைக் கடித்துக்கொண்டார். பக்கத்தில் நின்ற பாய்லர்க்காரர் அதைக் கேட்டுவிட்டார்.

"எல்லாரும் கையை எடுங்க!" என்று கத்தினார்.

முதலாளி ஓடிவந்தார். மழுப்பிப் பார்த்தார், எடுபடவில்லை.

"என்னை என்ன பண்ணச் சொல்றீங்க? நான் திவால். நாளைக்குக் கோர்ட்ல மனுப் போடறேன். கோர்ட்டு ஆள் வந்தா எல்லாத்துக்கும் சீல் வச்சிடுவான்."

"வச்சு?" என்றார் பாய்லர்க்காரர்.

"வித்துக் கடன்காரங்களுக்குப் பிரிச்சுக் குடுப்பான்."

"அந்தக் கடன்காரங்கள்ல நாங்க இல்லையா?"

"உங்களை நான் பிள்ளைங்களாத்தானே நினைச்சேன்…"

"அதான் பிள்ளைங்க பங்கை மச்சானை வச்சு விக்கிறீங்களா?" என்றாள் பெரியவள்.

சீ, இதுவும் ஒரு பிழைப்பா! கடன்பட்டு நொடித்தவனைப் பார்த்தால் இரக்கம் வரும். இந்த மனிதர் நொடிப்பதையே தொழிலாக நடத்தினார். அந்தத் தொழிலுக்கும் சம்பளமில்லாத வேலையாட்கள் இவர்கள்தாம்.

முதலாளி பெரியவளைத் தனியே அழைத்தார். பையைத் திறந்து, உள்ளேயிருந்த நோட்டுக்கட்டுகளில் ஒன்றைக் காட்டினார்.

"தங்கச்சி ஆபரேஷன் செலவு. இப்பவே வாங்கிக்கோ. இவங்களை ஏத்தச் சொல்லு, உன் பேச்சைக் கேப்பாங்க."

அவள் கண் அந்தக் கட்டில் ஒட்டிக்கொண்டது. இடக்கையால் தலைவார முடியாமல் சின்னவள் சீப்பை வீசியெறிந்து அழுதது நினைவுக்கு வந்தது. வாங்கிவிடத்தான் நினைத்தாள். ஆனால் அன்றைக்குப் பாய்ந்து வந்து உருளையை நிறுத்தி, சின்னவளைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் அதோ வாசலில் நின்றார்கள். வாங்க நினைத்த தன்மீதே அவளுக்கு அருவருப்பு வந்தது.

"எல்லாரும் இங்க பாருங்க!" குரல் கொட்டகை முழுதும் கேட்டது. "திவாலானவர் பையில கட்டுக்கட்டாப் பணம் இருக்கு. என்னை மட்டும் வாங்கிட்டு வாயை மூடச் சொல்றார்!"

யாரோ காறித் துப்பினார்கள். பாய்லர்க்காரர் லாரியில் ஏறிக் கயிற்றை அவிழ்த்தார். மற்றவர்களும் ஏறினார்கள்.

"வண்டியை எடுடா!" என்று முதலாளி அலறினார்.

டிரைவர் என்ஜினை அணைத்துவிட்டு இறங்கினார். "ஆளுங்க நிக்கிறாங்க, எப்படி எடுக்கிறது? எனக்கே போன நடைக்கு வாடகை வரல. நானும் உங்க கடன்காரன்தான்." லாரியின் பின்பக்கம் பலகையைச் சாய்த்து வைத்தார்.

"நாளைக்குக் கோர்ட்டுக்கு யாரு போறது?" என்று மேலிருந்து ஒருவர் கேட்டார்.

"எல்லாரும்தான்" என்றாள் பெரியவள். "சீல் வைக்கிற ஆளை நாமளே கையோட கூட்டிட்டு வருவோம்."

"சம்பளம் கிடைச்சிடுமா? சின்னவ கை?"

"தெரியாது. ஆனா இங்கேருந்து ஒரு ஆணி போக விடக்கூடாது."

முதல் இயந்திரம் பலகையில் சறுக்கத் தொடங்கியது. பாரம் முழுதும் கீழே நின்றவர்கள் தோளில் வந்து சாய்ந்தது. பெரியவளும் தோளைக் கொடுத்தாள். ஒருவரும் விலகவில்லை.