குடிவந்த கேள்வி

எங்கள் கல்லூரியில் விசாரணைக் குழு ஒரு கேள்வி கேட்டு, அதன் பதிலைக் குறிப்பேட்டில் எழுதாமல் விட்டால், அந்தக் கேள்வி, கேட்டவர் வீட்டுக்கே குடிவந்துவிடும். என் வீட்டில் ஒன்று இருக்கிறது.

இரண்டாம் ஆண்டு சந்தனமாரி, கல்லூரி விட்ட பிறகு துறைத்தலைவர் தனுஷ்கோடி அவர் அறையில் தன்னிடம் தவறாக நடந்துகொண்டதாகப் புகார் கொடுத்திருந்தாள். குழுவில் நான் ஒருத்திதான் பெண். "அந்த நேரத்துல அங்க உனக்கென்ன வேலை?" என்று நான்தான் கேட்டேன். ரெக்கார்ட் நோட்டில் கையெழுத்து வாங்க அவரே வரச் சொன்னதாகச் சொன்னாள். நாங்கள் அதை எழுதவில்லை. அன்று சாயங்காலமே கேள்வி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தது. என் கணவர் பீரோவில் ஒரு தட்டை ஒழித்துக் கொடுத்தார்.

தொந்தரவு ஒன்றும் இல்லை. சாம்பார்தான் கொஞ்சம் அதிகம் ஊற்றிக்கொள்ளும். ஆனால் பிளஸ் டூ படிக்கும் என் மகளின் பக்கத்தில்தான் படுக்கிறது. அவள் டியூஷனை நிறுத்திவிட்டாள். இப்போது கடைக்குக்கூடப் போவதில்லை. தனுஷ்கோடி வீட்டில் மூன்று அறைகளும் காலியாகவே இருப்பதாகக் கேள்வி.

சந்தனமாரி படிப்பை விட்டுவிட்டு ஜெராக்ஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். அவள் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கப் போனேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையில், அவள் அந்தப் பதிலை எழுதிக் கொடுத்தால் கேள்வி கிளம்பிவிடும், என் மகள் வெளியே போவாள் என்றுதான் போனேன். கேட்க வெட்கமாக இருந்தது. ஆனாலும் கேட்டேன்.

அவள் பேனாவை எடுத்தாள். எழுதாமல் என்னைப் பார்த்தாள்.

"அவர்ட்ட நீங்க என்ன கேட்டீங்க மேடம்?"

நான் பேசாமல் இருந்தால் இந்தக் கேள்வி அவள் வீட்டில் தங்கிவிடும். ஒற்றை அறை, நான்கு பேர். அவள் அம்மா அதற்குள் பாயை நகர்த்தி இடம் பண்ண ஆரம்பித்திருந்தாள்.

"ஒண்ணுமே கேக்கலம்மா," என்றேன். "டீ வாங்கிக் குடுத்தோம்."

அம்மா பாயைப் பழையபடி இழுத்துப் போட்டாள். சந்தனமாரி பேனாவை மூடி வைத்தாள்.

பதில்கள் எங்கே போகும் என்று விதியில் எதுவும் இல்லை. மறுநாள் காலை, நான் சொன்ன பதில் என் சேலையைக் கட்டி, என் அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு, எனக்கு முன்னால் கல்லூரிக்குள் போய்க்கொண்டிருந்தது. அன்று என் முதல் வகுப்பு இரண்டாம் ஆண்டுக்கு. வாட்ச்மேன் அதற்கு வணக்கம் வைத்துவிட்டு என்னிடம் பார்வையாளர் நோட்டை நீட்டினார். யாரைப் பார்க்க வேண்டும் என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன்.

"கிளாஸ்ல பேசப் போயிருக்காங்க. வர நேரமாகும், உக்காருங்க," என்றார்.