உரைத்துக் கொடுத்த மாத்திரை

சுகதன் முப்பத்தொரு வருஷம் அரசாங்கப் படகை ஓட்டும் ஸ்ராங்காக இருந்தவர். சுக்கான் பிடித்த கைக்கு வீட்டிலும் அதிகாரம் குறையவில்லை. கஞ்சிக்கு எவ்வளவு உப்பு, ஜன்னலை எப்போது சாத்துவது, மழை எப்போது விடும் என்பது வரைக்கும் அவர் சொன்னதுதான் சட்டம். மனைவி இருந்தவரை அவள் கேட்டுக்கொண்டாள். அவள் போன பிறகு, அப்பாவைப் பார்த்துக்கொள்ள வந்து தங்கிய மகள் ஸ்மிஜா கேட்டுக்கொண்டாள். புற்றுநோய் என்று சொல்லி இரைப்பையில் பாதியை வெட்டி எடுத்த பிறகும், மனுஷனுக்கு வாய் மட்டும் முழுசாகவே இருந்தது.

புண் ஆறியதும் ஆஸ்பத்திரியில் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். ஊசி மருந்து இல்லை, வீட்டிலேயே விழுங்கும் மாத்திரை. அப்படியென்றால் நோய் லேசானதுதான் என்று சுகதன் தானாகவே முடிவு கட்டிக்கொண்டார். லிஸம்மா சிஸ்டர் அவர்கள் இரண்டு பேரையும் எதிரே உட்காரவைத்து, நிதானமாகச் சொன்னார்.

"காலைல மூணு, சாயங்காலம் மூணு. சாப்பிட்டு அரை மணி நேரத்துக்குள்ள போடணும். பதினாலு நாள் போட்டுட்டு ஏழு நாள் நிறுத்தணும். ஒரு வேளை மறந்துட்டா மறந்ததுதான், அடுத்த வேளைக்குச் சேர்த்துப் போட்றாதீங்க. காய்ச்சல் வந்தாலும், வயித்தால ரொம்பப் போனாலும் உடனே எங்களுக்கு போன் பண்ணணும்."

"சரி சிஸ்டர்" என்றாள் ஸ்மிஜா.

"இன்னொண்ணு. உடைக்கக் கூடாது, பொடிக்கக் கூடாது. முழுசா முழுங்கணும். எடுத்துக் குடுக்கறவங்க கையுறை போட்டுக்கணும். சேட்டனுக்குத்தான் இது மருந்து. மத்தவங்க உடம்புக்குள்ள போகக் கூடாது. வீட்ல யாராச்சும் கர்ப்பமா இருக்காங்களா? அவங்க இதைத் தொடவே கூடாது."

ஸ்மிஜாவுக்குக் கல்யாணமாகி ஏழு வருஷம். போகிற கல்யாணத்திலெல்லாம், பந்தியில் இலை போடுவதற்கு முன்பே யாராவது ஒருத்தி இந்தக் குழந்தைப் பேச்சை எடுத்துவிடுவாள். இப்போதும் அவள் தலையைக் குனிந்துகொண்டு இல்லையென்று ஆட்டினாள். மகளின் முகம் போன போக்கைப் பார்த்ததும் சுகதனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. சிஸ்டர், "அப்படி எதுவும் வர்ற மாதிரி..." என்று தொடங்கியபோதே வெட்டினார்.

"அதான் இல்லைன்னு சொல்றாளே! அடுத்ததைச் சொல்லுங்க."

சிஸ்டரும் விட்டுவிட்டார். வெளியே இன்னும் பதினைந்து பேர் காத்துக்கொண்டிருந்தார்கள்.

அவர்கள் இருந்த காயல் கரையில் குளிகை என்றால் உரைத்துத்தான் கொடுப்பார்கள். வைத்தியர் உருட்டிக் கொடுத்ததைக் கல்லில் வைத்து, சீரகத் தண்ணீர் விட்டு, விரலால் உரைத்துக் குழப்பிக் குடிப்பது அங்கே பிறந்த குழந்தைக்கும் பழக்கம். சுகதன் பிறந்ததிலிருந்து எந்த மாத்திரையையும் முழுசாக விழுங்கியவர் இல்லை. காய்ச்சல் மாத்திரையைக்கூடக் கல்லில் உரைத்துத்தான் கேட்பார். அதனால் முதல் நாள் காலை, புளியங்கொட்டை அளவு மாத்திரையை நாக்கில் வைத்து, கண்ணைப் பிதுக்கி, குமட்டி, உள்ளங்கையில் துப்பினார்.

"தொண்டையில நிக்குது. கல்லை எடு."

"அச்சா, பொடிக்கக் கூடாதுன்னு சிஸ்டர் சொன்னாங்களே."

"சிஸ்டர் நேத்து வந்தவ. இந்த வீட்ல நாலு தலைமுறையா உரைச்சுத்தான் குடிக்கிறோம். உள்ள போனா எப்படியும் கரையத்தானே போகுது?"

"இன்னொரு தடவை பாருங்களேன். தண்ணி நிறைய விட்டு..."

"நான் செத்தப்புறம் பார்க்கலாம். எடுடி கல்லை!"

அவள் எடுத்தாள். கையுறையோடு உரைத்தபோது விரல் வழுக்கியது. அதைக் கழற்றச் சொன்னதும் அவர்தான்.

"கையில ஒட்டினா கழுவிட்டாப் போச்சு. பெரிய விஷமாம்! அப்ப அந்த விஷத்தை எனக்கு மட்டும் பார்த்துப் பார்த்துக் குடுக்கறாங்களா?"

ஸ்மிஜாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பா வீம்பாகப் பேசினால் உடம்பு தேவலை என்று அவளுக்கு ஒரு கணக்கு. அப்படியே முதல் பதினாலு நாளும், ஏழு நாள் இடைவெளிக்குப் பிறகு அடுத்த பதினாலு நாளும், காலையும் சாயங்காலமும் அவள் வெறும் விரலால் உரைத்தாள். அவர் கசப்பை முகத்தில் காட்டாமல் குடித்தார். இரண்டாம் சுற்று முடிவதற்குள் அவருடைய உள்ளங்கையும் பாதமும் சிவந்து தோல் உரிந்தன. அதற்கும் அவள்தான் களிம்பு தடவினாள்.

மாத்திரை இல்லாத அந்த வாரத்தில் ஒரு நாள் ஸ்மிஜா சமையல்கட்டு வாசலில் வந்து நின்றாள். மீன் வாடை ஆகவில்லை என்று இரண்டு நாளாக அவள் சரியாகச் சாப்பிடாதது அவருக்குத் தெரியும்.

"அச்சா, திட்டாம கேளுங்க. நீங்க அப்பூப்பன் ஆகப் போறீங்க. ஆறு வாரமாச்சாம்."

சுகதன் எழுந்தார். உட்கார்ந்தார். மறுபடியும் எழுந்து, ஆபரேஷனுக்குப் பிறகு ஆஸ்பத்திரிக்கு அல்லாமல் முதல் தடவையாகச் சட்டை மாட்டிக்கொண்டு, படகுத்துறை வரைக்கும் நடந்து போய், தெரிந்தவன் தெரியாதவன் எல்லாரிடமும் சொல்லிவிட்டு வந்தார். வாராவாரம் போல் சனிக்கிழமை மருமகன் பிஜேஷ் கொச்சியிலிருந்து அல்வாவோடு வந்து இறங்கியபோது, செய்தி அவனுக்கு முன்னாலேயே கரையெல்லாம் போய்ச் சேர்ந்திருந்தது. வீட்டுச் சட்டங்களும் ஒரே நாளில் மாறின. ஸ்மிஜா குடம் தூக்கக் கூடாது, குனியக் கூடாது, வேகமாக நடக்கக் கூடாது.

"தும்மலாமா அச்சா?" என்று கேட்டாள் அவள்.

"மெதுவாத் தும்மு" என்றார் அவர். கிண்டலாகச் சொல்லவில்லை.

அடுத்த வாரம் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அவருடைய ரத்தத்தில் அணுக்கள் குறைந்திருந்தன, மூன்றாம் சுற்றைத் தள்ளிப்போடலாம் என்றார்கள். கிளம்பும்போது ஸ்மிஜா வெட்கத்தோடு லிஸம்மா சிஸ்டரிடம் விஷயத்தைச் சொன்னாள். சிஸ்டர் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

"மாத்திரையை யாரு எடுத்துக் குடுக்கறது?"

ஸ்மிஜா அப்பாவைப் பார்த்தாள். பொய் சொல்லியிருக்கலாம். சுகதனுக்கு நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் விபத்தில் படகை எங்கே இடித்தேன் என்று ஒளிக்காமல் சொல்லும் வழக்கம் அவருக்கு இருந்தது.

"இவதான். கல்லுல உரைச்சு. உறை போடாம. நான்தான் அப்படிச் செய்யச் சொன்னேன்."

"எத்தனை நாளு சேட்டா?"

"ரெண்டு சுத்தும்."

சிஸ்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். ஸ்மிஜாவின் கையைப் பிடித்து, மாடியில் இருந்த பெண் டாக்டரிடம் அவரே அழைத்துக்கொண்டு போனார்.

ஸ்கேனில் துடிப்பு தெரிந்தது. ஆனால் மெதுவாக இருந்தது, நாளுக்கேற்ற வளர்ச்சியும் இல்லை. பத்து நாள் கழித்து வரச் சொன்ன டாக்டரிடம், மாத்திரையாலா என்று சுகதன் கேட்டார்.

"அதனாலயும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். முதல் மூணு மாசத்துல எத்தனையோ தானாவே கலையுது. யாராலயும் அடிச்சுச் சொல்ல முடியாது."

ஆறுதலுக்காகத்தான் அந்த அம்மாள் சொன்னார். நீதான் காரணம் என்று யாராவது முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால், சுகதன் அழுது தீர்த்திருப்பார். நீ இல்லை என்றிருந்தால் தூங்கியிருப்பார். இரண்டுக்கும் நடுவில் தொங்கவிட்டுவிட்டார்கள் அவரை.

அந்த நாட்களில் அவர் வீட்டில் ஒரு கட்டளையும் போடவில்லை. கஞ்சியில் உப்பில்லாமல் இருந்தும் குடித்தார். கோயிலுக்குப் போகாத மனுஷன் பகவதி முன்னால் போய் நின்று, என்னை எடுத்துக்கொள், இன்றைக்கே எடுத்துக்கொள், அதை விட்டுவிடு என்று பேரம் பேசினார். ஸ்மிஜா நடக்கும்போதெல்லாம் அவளுடைய விரல்களைப் பார்த்தார். அவளும் கவனித்தாள். விரல்களை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

எட்டாம் நாள் மத்தியானம், துணி துவைத்துக்கொண்டிருந்தவள் "அச்சா" என்று ஒரே ஒரு தடவை கூப்பிட்டாள். கூப்பிட்ட குரலிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது.

கரு கலைந்து இரண்டு நாள் கழித்து, ஆஸ்பத்திரியிலிருந்து பிஜேஷ் அவளைப் படகில் கூட்டிவந்தான். படியேறும்போது மாமனாரின் தோளைத் தொட்டு, "விடுங்கச்சா" என்றான். அவனுக்கும் கண் வீங்கியிருந்தது. ஸ்மிஜா உள்ளே வந்து பாயில் படுத்தபடியே, "சாப்டீங்களா?" என்று கேட்டாள். அவள் வாயார நாலு வார்த்தை ஏசுவாள் என்று அவர் இரண்டு நாளாக எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தார்.

அடுத்த திங்கட்கிழமை சிஸ்டர் போன் செய்தார். மறுபடி எடுத்துப் பார்த்த ரத்தம் சரியாகிவிட்டது, நாளைக் காலையிலிருந்து மூன்றாம் சுற்று தொடங்கலாம் என்றார்.

"எனக்கு வேண்டாம்" என்றார் சுகதன்.

"வேண்டாம்னா?"

"அந்தச் சனியனை இந்த வீட்ல இனிமே பிரிக்க வேண்டாம்னு சொல்றேன். நான் இருந்து என்ன ஆகப் போகுது?"

அவர் பேசியதை ஸ்மிஜா பாயில் படுத்தபடியே கேட்டாள். மறுநாள் காலை கஞ்சி குடித்து முடித்தவரின் எதிரே வந்து உட்கார்ந்தாள். இடுப்பில் இன்னும் வலி இருந்தது, சுவரைப் பிடித்துத்தான் உட்கார முடிந்தது. மாத்திரை அட்டையை எடுத்து, வெறும் விரலால் அழுத்தப் போனாள்.

"தொடாதே!"

பழைய ஸ்ராங்கின் குரல் அது. தோட்டத்தில் இருந்த வாத்துகள்கூடச் சிதறின. ஸ்மிஜா அசையவில்லை.

"இனிமே நான் தொட்டா என்னச்சா? யாருக்குன்னு பார்க்கணும்?" என்றாள். "ஒருத்தரைத்தான் காப்பாத்த முடியலை. நீங்களும் போயிட்டா, இந்த வீட்ல நான் யாரைத் திட்டிட்டு உட்கார்ந்திருப்பேன்? எனக்கு உங்களைத் திட்டணும். நிறையத் திட்டணும். அதுக்காச்சும் இருங்க."

சுகதன் அவள் கையிலிருந்து அட்டையைப் பிடுங்கினார். தோல் உரிந்த விரலால் அழுத்த, எரிந்தது. ஒரு மாத்திரையை வாயில் போட்டு, செம்பை எடுத்து நிறையத் தண்ணீர் குடித்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

மாத்திரை இறங்கிவிட்டது.

குமட்டலில்லை, அடைக்கவில்லை. இரண்டாவதைப் போட்டார், அதுவும் இறங்கியது. மூன்றாவதும். முழுசாகக் கால் நிமிஷம் ஆகியிருக்காது. இத்தனை சுலபமா என்று அவர் மகளைப் பார்த்தார். அவளும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் அதேதான் தோன்றியிருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்தது.

செம்பு இன்னும் அவர் கையிலேயே இருந்தது. ஸ்மிஜா அதை வாங்கி வைத்தாள். பிறகு, அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து முதல் தடவையாக, வாய்விட்டு அழுதாள். அவர் தொடப் போனார். தன் கையைப் பார்த்தார். எழுந்து, தடுமாறி நடந்து, சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவிக்கொண்டு வந்த பிறகுதான் மகளின் தலையில் கை வைத்தார்.