பனியில் இறங்கிய விமானம்

கனடாவின் வடகோடியில் தாதியாக வேலை பார்த்த புனிதா, ஜனவரிக் கடைசியில் மலேசியாவிலுள்ள சொந்த ஊர் அலோர் காஜாவுக்குத் திரும்பி வந்தாள். நெற்றியில் தையல், விலாவில் கன்றிப்போன காயம். அவ்வளவுதான். பனிக்காற்றில் இறங்கிய சின்ன விமானம் ஓடுபாதைக்கு முன்பே தரையில் மோதிக் கவிழ்ந்ததையும், அதை ஓட்டிய மார்க் இறந்துபோனதையும், வந்தவர்களிடமெல்லாம் அம்மா இருசம்மாள்தான் சொன்னாள். அந்த விமானத்தில் இருந்தது புனிதாவும் மார்க்கும் மருந்துப் பெட்டிகளும் மட்டுமே.

அடுத்த வீட்டுப் பெரியநாயகி அக்கா கேசரியோடு வந்தார்.

"முருகனுக்கு ஒரு அர்ச்சனை பண்ணிடு லா, இருசம்மா. பிள்ளைய முழுசா கொடுத்திருக்கான்."

புனிதா தலையாட்டினாள். சந்தோஷமும் வரவில்லை, துக்கமும் வரவில்லை. வேறு யாருக்கோ நடந்ததைக் கேட்பதுபோல் இருந்தது.

அக்கா போனபின் கைப்பேசி அடித்தது. மார்க்கின் மனைவி. முன்பின் பேசிப் பழக்கமில்லாதவள்.

"கடைசியில் அவரோடு இருந்தது நீங்கள்தான். ரொம்பத் தவித்தாரா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"இல்லை. நான் பெல்ட்டைக் கழற்றி அவரிடம் போனபோதே நாடி நின்றிருந்தது."

"ஏதாவது சொன்னாரா?"

"எதிரே வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. தலையைக் குனிந்து கைகளால் மூடிக்கொள் என்று கத்தினார். நான் மூடிக்கொண்டேன்."

அவள் "நன்றி" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

"யாரும்மா?" என்றாள் இருசம்மாள்.

புனிதா சொன்னாள். இதுவரை யாரிடமும் சொல்லாததையும் சேர்த்துச் சொன்னாள். ஆட்கள் பனியில் வழி கண்டுபிடித்து வந்து சேரும்வரை, மார்க்கின் நெஞ்சை அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறாள். கையுறை எங்கோ போய்விட்டது. விரல்கள் மரத்துப்போனது கூடத் தெரியவில்லை.

"உயிரு இல்லன்னு தெரிஞ்சும் ஏம்மா அழுத்துன?"

"வேற என்னம்மா செய்ய? சும்மா உக்காந்திருக்க முடியல."

இருசம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். புனிதா அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள். தன் கண்ணிலும் நீர் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை.

"திரும்பப் போவியாம்மா?"

"இப்ப கேக்காதம்மா."

"சரி, கேக்கல. பசியாறு."

புனிதா கேசரியை எடுத்துச் சாப்பிட்டாள். கிண்ணம் காலியானதும்தான் அது இனிப்பு என்பது நினைவுக்கு வந்தது.